‘நிதி வரலை’ என்று சொன்னால் உடனே இ.பி. (நிறைவேற்று மனு) போடுங்கள்

போன வாரம் ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே, சாலைக்கு எடுத்த அவருடைய புஞ்சை நிலத்துக்கு இழப்பீட்டைக் கூட்டிக் கொடுத்த சப்-கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை). தேதியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 13 வருடம் ஆகிவிட்டது. மேல்முறையீடும் இல்லை, டிகிரிப் பணத்தை வசூலித்துத் தரச் சொல்லிக் கோர்ட்டில் போடுகிற நிறைவேற்று மனுவும் (இ.பி.) இல்லை. “போறப்பல்லாம் நிதி வரலைன்னாங்க தம்பி. கவர்மெண்ட் பணம்தானே, எங்க போயிடும்னு இருந்துட்டேன்.”

12 வருடத்துக்குள் மனு போட்டிருக்க வேண்டும். இப்படி வருகிறவர்களில் இவர் முதல் ஆள் இல்லை.

நிதி வராதவரை இந்த 12 வருடக் கெடுவும் ஓடாது என்று யார்தான் கிளப்பிவிட்டார்களோ! ஓடும். அதிகாரி வாயால் சொன்னாலும் ஓடும். ‘தருகிறோம்’ என்று எழுதிக் கொடுத்தாலும் ஓடும். நீங்கள் வருடாவருடம் கொடுக்கிற விண்ணப்பம் நிறைவேற்று மனு ஆகாது. கலெக்டரிடம் கொடுத்த மனுவும் ஆகாது. ‘இருந்தால் வட்டி ஏறுமே’ என்பார்கள். சரி, பழைய 1894 நில எடுப்புச் சட்டப்படி முதல் வருடம் 9%, அப்புறம் 15% ஏறத்தான் செய்யும். டிகிரியே செத்துப்போனால் அந்த வட்டியை யாரிடம் கேட்பது?

இன்னொன்று. கோர்ட் தீர்ப்புக்கான பணம் சட்டமன்றம் ஓட்டுப் போட்டுக் கொடுக்கிற தயவு இல்லை. அரசியல் சட்டம் 202(3), அதை ஆளுநர் சம்பளம், மாநிலக் கடனுக்கான வட்டி இவற்றோடு ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து (அரசின் பொதுக் கஜானா) கொடுத்தே ஆக வேண்டிய செலவு, ஓட்டெடுப்பே கிடையாது. பட்ஜெட்டில் விட்டுப்போனால் துணை மதிப்பீட்டில் (துணை பட்ஜெட்) சேர்க்கலாம். ஆக, தாமதம் ஃபைலில்தான். (போக்குவரத்துக் கழகம், மின்வாரியம் வேறு கதை. அவை தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து தர வேண்டும். அதனால்தான் விபத்து வழக்கில் பஸ்ஸை ஜப்தி செய்கிறார்கள்.)

டிகிரி தேதியிலிருந்து 3 மாதம் அரசுக்கு அவகாசம். நாலாம் மாதம் இ.பி. போட்டுவிடுங்கள். கலெக்டர் ஆபீஸ் ஜீப்பையா ஜப்தி செய்வது என்று கூச்சப்பட வேண்டாம். “இ.பி. நம்பர் இருந்தாதான் சார் மேல எழுதி நிதி கேட்க முடியும்” என்று என்னிடம் சொன்னதே நில எடுப்புத் தாசில்தார் ஒருவர்தான். டிகிரியின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். டிகிரிதாரர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழுக்கு அலைவதை இப்போதே ஆரம்பியுங்கள்.

பெரியவருக்கு ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். உறுதி எதுவும் கொடுக்கவில்லை.

தயவுசெய்து, அப்பா காலத்து டிகிரி பீரோவில் கிடந்தால் இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். 11 வருடம் தாண்டியிருந்தால் போன் போட்டுக்கொண்டிருக்காமல் நேரே உங்கள் வக்கீலிடம் போங்கள்.