மிமிக்: பாவனையா, நிலவரமா?

கண்ட்ரோல் ரூமுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ளும் சொல் ‘மிமிக்’. “பாய்லர் மிமிக்கைத் திற”, “மூணாவது மிமிக்ல பம்ப் ட்ரிப் காட்டுது” என்று சுற்றி எல்லோரும் பேசுவார்கள், இவர்களும் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஆலையின் தொட்டி, குழாய், வால்வு, மோட்டார் எல்லாவற்றையும் படமாக வரைந்து, அதற்குள் அளவுகளையும் பொத்தான்களையும் வைத்த கணினித் திரைப் பக்கம்தான் மிமிக். ஸ்காடா, எச்எம்ஐ என்பவையும் அதே திரைக்குப் பெயர்போலப் புழங்குகின்றன. கறாராகப் பார்த்தால் ஸ்காடா என்பது தொலைவில் உள்ள பம்ப் நிலையங்கள்வரை கண்காணித்து இயக்கும் முழு அமைப்பு. எச்எம்ஐ அதில் மனிதர் கண்ணும் கையும் படும் முகப்பு. மிமிக் அந்த முகப்பில் ஒரு பக்கம்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘மீமோஸ்’ என்றால் பிறரைப் போல நடித்துக் காட்டுபவர், அப்படி நடிக்கும் கூத்து. லத்தீன் வழியாக 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. கோயில் திருவிழா மேடையில் நடக்கும் மிமிக்ரி இதன் பிள்ளை. வாட்ஸ்அப்பில் சுற்றும் மீம்ஸும் இந்த வீட்டோடு சம்பந்தம் செய்ததுதான்: 1976-ல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் ‘மிமீம்’ என்று கிரேக்க வேரிலிருந்து ஒரு சொல் செய்து, அதைச் சுருக்கி ‘மீம்’ ஆக்கினார்.

கூத்து மேடையில் இருந்த சொல் ஆலைக்குள் எப்படி நுழைந்தது? கணினி வருவதற்கு முன் கட்டுப்பாட்டு அறைச் சுவரிலேயே ஆலையை ஒரு மாதிரி வரைந்து வைத்தார்கள். இப்போதும் பார்க்க ஆசை என்றால் ஊருக்குப் பக்கத்துத் துணைமின் நிலையத்தில் பார்க்கலாம். பேனல் முகப்பில் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பஸ்பார் கம்பிக்கு ஒரு வண்ணக்கோடு, மின் இணைப்பைச் சேர்த்துத் துண்டிக்கும் பிரேக்கர் இருக்கும் இடத்தில் ஒரு சுழலும் குறி, பக்கத்தில் இரண்டு விளக்கு. அவ்வளவுதான். அலங்காரம் செய்ய அந்தத் தகரத்தில் இடமும் இல்லை, காசும் இல்லை. அதனாலேயே அது நன்றாக இருந்தது என்பது என் கட்சி.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘பாவனைப் படம்’ என்று நானே பல வருடம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். மயிலைப் பார்த்து வான்கோழி ‘தானும் அதுவாகப் பாவித்து’ ஆடியதாகப் பள்ளியில் படித்த ஞாபகம். (இலங்கையில் பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். அங்கிருந்து ஒருவர் வாசித்தால் பொருளே வேறு.) ‘ஒப்புருப் படம்’ என்றும் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் மூலச்சொல்லுக்கு நேர்மையானவை. சிக்கலே அதுதான். மூலச்சொல் கற்பிக்கும் பாடம் தப்பு. ஆலையைப் போலவே வரைந்தால் போதும் என்று வரையக் கற்பவர் நம்பிவிடுகிறார்.

நான் நம்பினேன். காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சர்க்கரை ஆலைக்கு நான் வரைந்த முதல் பாய்லர் பக்கத்தில், அடுப்பில் கரும்புச் சக்கை எரிவது போல ஆரஞ்சு நிறத் தீ அசையும், ஃபேன் சுற்றும். தண்ணீரும் நீராவியும் சேர்ந்து நிற்கும் டிரம்முக்குள் நீலத் தண்ணீர் அலையடிக்கும். அதன் மேல் மட்டம் ‘52’ என்று ஓர் எண். உள்ளே போகும் தண்ணீர் நாலாம் பக்கத்தில், வெளியே போகும் நீராவி ஆறாம் பக்கத்தில். முப்பது வருடம் பாய்லர் பார்த்த அண்ணன் ஒருவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லாருக்கு தம்பி. தண்ணி ஆடுது. ஏறுதா, எறங்குதா?”

“அதான் 52-னு இருக்கேண்ணே.”

“52 சரி. ஏறிப்போற 52-ஆ, எறங்கிவர்ற 52-ஆ?”

பதில் சொல்ல முடியவில்லை. இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஆலை திடீரென்று நீராவியை அதிகம் இழுத்தால் டிரம்மில் அழுத்தம் குறையும், உள்ளே குமிழி பெருத்து மட்டம் உயரும். உலை பொங்கினால் பானையில் தண்ணீர் கூடிவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே, அதே கதைதான். உண்மையில் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும். ஆகவே மட்டத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். வரத்து, செலவு, மட்டம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பிடிபடும்.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்த விபத்தில் இதுவும் ஒரு காரணமாகப் பதிவாகியிருக்கிறது. ஒரு கோபுரத்துக்குள் திரவம் மணிக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தது, வெளியேறவில்லை. மட்டம் காட்டும் கருவியோ, மட்டம் இறங்குவதாகக் காட்டியது. உள்ளே போகும் அளவு ஒரு திரையில், வெளியே வரும் அளவு வேறு திரையில்.

அந்த விசாரணை விவரத்தைப் படித்தபோது எனக்குச் சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. மே மாதம் பிறந்தால் அவர் செய்தித்தாளில் முதலில் தேடுவது ‘மேட்டூர் அணை நிலவரம்’ என்ற சின்னக் கட்டம். நீர்மட்டம் அடியில், இருப்பு டிஎம்சியில் (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி), வரத்தும் திறப்பும் விநாடிக்குக் கன அடியில். நாலே எண்கள். அணையின் உச்சம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பது டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆகவே எண்ணைப் பார்த்ததும் அது எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். விநாடிக்குச் சுமார் 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. வரத்து 3,000, திறப்பு 12,000 என்றால் 9,000 கன அடி பள்ளம். நாளைக்கு முக்கால் டிஎம்சிக்குச் சற்று மேல் குறையும். திண்ணையில் உட்கார்ந்தபடி, ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா, திறந்தாலும் குறுவைக்கு எத்தனை நாள் தாங்கும் என்று அவர் கணக்குப் போடுவார். அந்தக் கட்டத்தில் அணையின் படம் கிடையாது.

ஆகவே என் பரிந்துரை: மிமிக் என்பதற்குத் தமிழில் ‘நிலவரப் படம்’, அல்லது ‘நிலவரத் திரை’. நிலை, நிலவு என்ற சொற்களுக்கு உறவான சொல். சந்தை நிலவரம், வானிலை நிலவரம் என்று ஏற்கெனவே புழங்குவது. புதிதாக யாருக்கும் விளக்க வேண்டாம். திசைகாட்டி திசையைப் போல இருப்பதில்லை, நாட்காட்டி நாளைப் போல இருப்பதில்லை. பாய்லர் திரை மட்டும் ஏன் பாய்லரைப் போல இருக்க வேண்டும்?

நிலவரம் என்ற சொல்லில் இன்னொரு கட்டாயமும் இருக்கிறது: நடந்ததைச் சொல்ல வேண்டும். மதகு ஷட்டரை இறக்கச் சொல்லி, அதைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கருக்குப் போன் போட்டதும் ‘ஷட்டர் மூடியாச்சு’ என்று எழுதுவது நிலவரம் ஆகாது. அவர் போய் இறக்கி, அடி பார்த்துத் திரும்பச் சொன்னால்தான் ஆகும். 1979 மார்ச் 28 அன்று த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. பேனலில் விளக்கு அணைந்தது, மூடிவிட்டதாக நினைத்தார்கள். அந்த விளக்கு காட்டியது மூடச் சொல்லிப் போன மின் உத்தரவை, வால்வை அல்ல. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. மாணவர்கள் வரையும் திரைகளில் பாதிக்கு மேல் இன்றைக்கும் இதே தவறைப் பார்க்கிறேன்: ஸ்டார்ட் பொத்தானை அமுக்கியதும் மோட்டார் நிறம் மாறிவிடும். ‘ஓடுகிறேன்’ என்று மோட்டாரிலிருந்து திரும்பி வரும் ரன் ஃபீட்பேக் வந்ததா என்று நிரலில் யாரும் கேட்பதில்லை.

நிறம் தனித் தலைவலி. மின்சாரப் பேனலில் சிவப்பு என்றால் பிரேக்கர் மூடியிருக்கிறது, மின்சாரம் ஓடுகிறது, கை வைக்காதே. பச்சை என்றால் அணைந்திருக்கிறது. நம் திரையிலோ பச்சை என்றால் ஓடுகிறது என்று போடுகிறோம். ஒரே ஆலையில் எலக்ட்ரீஷியனும் பாய்லர் ஆபரேட்டரும் ஒரே விளக்கை இரண்டு விதமாக வாசிப்பார்கள். சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாத கண்ணும் சிலருக்கு உண்டு. இப்போது சாம்பல் பின்னணியில் எல்லாவற்றையும் மங்கலாக வைத்து, கோளாறுக்கு மட்டும் நிறம் கொடுக்கச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது பிடிப்பதில்லை, ‘செத்த வீடு மாதிரி இருக்கு சார்’ என்பார்கள். இரவு ஷிஃப்டில் மூன்று மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

மற்ற சொற்களில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. இன்டர்ஃபேஸுக்கு ‘இடைமுகம்’ நிலைத்துவிட்டது, இருக்கட்டும். ஆபரேட்டரை ‘இயக்குநர்’ என்று எழுதினால் சினிமா இயக்குநர் நினைவுக்கு வருகிறார். ஆபரேட்டர் என்றே விடலாம். அலாரத்துக்கு ‘எச்சரிக்கை’ போதும், ஆனால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: 1994-ல் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள்மேல் 275 அலாரம் கொட்டியது.

அந்த பாய்லர் பக்கத்தைப் பிறகு திருத்தினேன். தீ போயிற்று, அலை போயிற்று. தண்ணீர் வரத்து, நீராவிச் செலவு, டிரம் மட்டம் மூன்றும் ஒரே வரிசையில்; ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கடந்த ஒரு மணி நேரத்தின் கோடு. தலைப்பில் தமிழில் ‘பாய்லர் நிலவரம்’. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, “மேட்டூர் மாதிரி போட்டுட்டியா” என்றார். கோப்பின் பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை, வேறு பக்கங்கள் அதை அழைக்கின்றன. உள்ளே அது இன்னும் ‘மிமிக்_03’தான்.