தாய் என்று தன்னை நம்புவது எப்போது?

இரவு 2 மணி. குழந்தை வீரிட்டு அழுகிறது. 17 வயதுத் தாய் பால் கொடுத்துப் பார்க்கிறாள், துணி மாற்றிப் பார்க்கிறாள், அழுகை நிற்கவில்லை. “பசி இல்லைபோல” என்கிறாள். குழந்தையின் அப்பா எழுந்து வந்து தோளில் போட்டு முதுகைத் தட்டுகிறான். ஏப்பம் வருகிறது, குழந்தை தூங்கிவிடுகிறது. அடுத்து அவன் என்ன சொல்கிறான் என்பது முக்கியம். “பசி இல்லைன்னு நீ சரியாத்தான் சொன்னே” என்பானா, “இதுகூடத் தெரியலையா” என்பானா?

பெற்றவுடன் தாய்மை தானாக ஊறிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் ரீவா ரூபின் 1967இல் வேறு மாதிரி எழுதினார். மற்ற தாய்மாரைப் பார்த்துச் செய்வது, மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது, தனக்கு எது சரிவரும் என்று பிரித்தெடுப்பது எனத் தாய் என்ற அடையாளம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடிவருகிறது. பழைய ‘நான்’ போய்விட்ட துக்கமும் அதில் உண்டு என்றார். 30 வயதுப் பெண் விட்டுக்கொடுப்பது ஓரளவு வாழ்ந்து பார்த்த வாழ்க்கையை. 17 வயதுப் பெண்ணோ இன்னும் வாழவே தொடங்காத ஒன்றை விட்டுக்கொடுக்கிறாள். அந்தத் துக்கத்தை நாம் பேசுவதே இல்லை.

சரி, அப்பா எங்கே வருகிறான்? ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உண்டு என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் சொன்னார்: தானே செய்து ஜெயித்தது, பிறர் செய்வதைப் பார்த்தது, மற்றவர் தரும் ஊக்கம், உடலும் மனமும் பதறாமல் இருப்பது. அப்பா இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அவள் தூங்கி எழுவாள், பதற்றம் குறையும். ஆனால் எல்லாவற்றையும் அவனே பிடுங்கிச் செய்தால், தானே செய்து ஜெயிக்கும் வாய்ப்பு அவளுக்குப் போய்விடும். அடிப்பவன், மிரட்டுபவன் என்றால் அவன் விலகி இருப்பதே அவளுக்கு நல்லது.

அமெரிக்க நகரங்களில் 1998க்கும் 2000க்கும் இடையே பிறந்த ஏறக்குறைய 4,900 குழந்தைகளை ஒரு பெரிய ஆய்வு பின்தொடர்ந்தது. அதில் திருமணமாகாத பெற்றோர்களில் பத்தில் எட்டுப் பேர் பிரசவத்தின்போது காதலர்களாகவே இருந்தார்கள். குழந்தைக்கு 5 வயதானபோது சேர்ந்திருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். எல்லாருமே பதின்பருவத்தினர் இல்லை என்றாலும், உறவு கரையும் வேகம் இதில் தெரிகிறது.

இளம் அப்பாவுக்கு வேலை இருக்காது, வெறுங்கையோடு வரக் கூச்சப்படுவான். பெண்ணின் அம்மாவும் பல வீடுகளில் அவனை வாசலோடு நிறுத்திவிடுவாள். குழந்தையைத் தூக்கிப் பழகும் முன்பே அவன் விருந்தாளி ஆகிவிடுகிறான்.

1970களின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா ஊரில் உளவியலாளர் டேவிட் ஓல்ட்ஸ் தொடங்கிய திட்டத்தில், முதல் குழந்தை பெறும் ஏழைப் பெண்கள், இளம்பெண்களின் வீட்டுக்குச் செவிலியர்கள் கர்ப்ப காலத்திலேயே போனார்கள். குழந்தைக்கு 2 வயதாகும்வரை போய்க்கொண்டிருந்தார்கள். அவளிடம் மட்டும் பேசிவிட்டு வரவில்லை. அப்பா, பாட்டி, தோழி என்று யாரெல்லாம் கைகொடுப்பார்களோ, அவர்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினார்கள்.