டிஸ்மிஸா, டிஸ்சார்ஜா? ராணுவத்திலிருந்து நடத்தையைக் காட்டி அனுப்பப்பட்டவர்கள் கவனத்துக்கு

நடத்தை சரியில்லை என்று ராணுவத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிப்பாய்கள் முதலில் போய் நிற்கும் இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கிருப்பவர்களால் அந்த உத்தரவில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. முதல் நாளே இதைச் சொல்லி அனுப்பிவிட்டால் புண்ணியமாகப் போகும். சொல்வதில்லை. மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்பார்கள். ஆறு மாதம் ஓடிவிடும். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருப்பதே அந்த ஆறு மாதம்தான்.

ரெக்கார்ட் ஆபீஸும் அப்படியே. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். காகிதங்கள் இருக்கும் இடம் அது. உத்தரவை ரத்து செய்யும் இடம் இல்லை. "அங்கே நமக்கு ஆள் இருக்கு, மாத்திக் கொடுத்துடலாம்" என்று எவராவது பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் கையில் இருக்கும் சான்றிதழைப் படியுங்கள். ராணுவச் சட்டம் 1950, பிரிவு 23-ன்படி, வெளியேற்றப்பட்ட ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு சான்றிதழ் தர வேண்டும். யார் உத்தரவு போட்டது, என்ன காரணம், மொத்தம் எவ்வளவு காலப் பணி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதுவும் ஆங்கிலத்தோடு அவருடைய தாய்மொழியிலும். தமிழில் ஒரு வரிகூட இல்லாத தாளைக் கொண்டுவந்து "இதில் என்ன சார் எழுதியிருக்கு?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

அந்தத் தாளில் தேட வேண்டியது ஒன்றுதான்: டிஸ்மிஸா, டிஸ்சார்ஜா? டிஸ்மிஸ் என்றால், அதற்கு முன் எத்தனை வருடம் உழைத்திருந்தாலும் பென்ஷனும் கிடையாது, கிராஜுவிட்டியும் கிடையாது. விதிவிலக்காகக் குடியரசுத் தலைவர் தரலாம் என்று ஒரு வரி விதியில் இருக்கிறது. அதை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். ராணுவ விதி 13-ன் கீழ் டிஸ்சார்ஜ் என்றால் கதை வேறு. அன்றைய தேதியில் சேர்ந்திருந்த பென்ஷன் உரிமை போகாது. சிப்பாய்க்கு 15 வருடம் முடிந்திருந்தால் பென்ஷன் உண்டு. "ஒழுங்கீனத்தால் அனுப்பினார்கள், எனக்கெங்கே பென்ஷன்?" என்று 16 வருடப் பணியோடு பேசாமல் இருந்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

டிஸ்சார்ஜ் ஆனவர்களில் பலர் சிக்குவது ரெட் இங்க் என்ட்ரியில், அதாவது நடத்தைப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதப்படும் தண்டனைப் பதிவில். லீவு முடிந்து தாமதமாகத் திரும்பியது, குடித்தது என்று நான்கு பதிவு சேர்ந்ததும் 'இனிச் சேவை தேவையில்லை' என்று அனுப்பிவிடுவார்கள். நான்கு சேர்ந்தாலே போக வேண்டியதுதான் என்று யூனிட்டில் எல்லோரும் நம்புகிறார்கள், அதிகாரிகள் உட்பட. அப்படி இல்லை. 1988 டிசம்பர் 28-ல் ராணுவத் தலைமையகம் அனுப்பிய கடிதமே, முதலில் பாரபட்சமற்ற விசாரணை வேண்டும், நீண்ட சேவையையும் கஷ்டமான இடங்களில் வேலை பார்த்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. வீரேந்திர குமார் துபே வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, விசாரணையில்லாமல் போட்ட டிஸ்சார்ஜை ரத்து செய்தது.

ஆனால் அந்தத் தீர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். 2019-ல் சத்குர் சிங் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் டிஸ்சார்ஜ் செல்லும் என்றது. ஏன் உங்களை அனுப்பக் கூடாது என்று விளக்கம் கேட்கும் ஷோ காஸ் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள், அவர் கொடுத்த பதிலில் உருப்படியான விளக்கம் இல்லை. அதனால் நோட்டீஸுக்கு நீங்கள் என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. இன்னும் பணியில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு: "குடும்பச் சூழ்நிலை, மன்னிக்கவும்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். மருத்துவச் சீட்டு, லீவு நீட்டிக்கக் கேட்ட கடிதம் என எது இருந்தாலும் இணையுங்கள். உங்களுக்கென்று ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மரி கோர்ட் மார்ஷலில் (யூனிட்டின் கமாண்டிங் ஆபீசரே நடத்தும் சுருக்க ராணுவ விசாரணையில்) டிஸ்மிஸ் ஆனவர்கள் நடவடிக்கைப் பதிவின் நகலை வாங்க வேண்டும். 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்ற பக்கத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா, ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்கியதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வக்கீலிடம் முதலில் காட்ட வேண்டிய பக்கம் அதுதான். லீவில் வந்து திரும்பாமலே இருந்துவிட்டவர்கள் இன்னொரு வகை. போர்ப்பணி இல்லாத நேரமென்றால், மூன்று வருடம் கழிந்ததும் ஆள் இல்லாமலே டிஸ்மிஸ் செய்துவிடலாம். அது தெரியாமல் ஊரில் இருந்துகொண்டு டிஸ்சார்ஜ் புக் வரும் என்று காத்திருக்கிறார்கள்.

நிவாரணம் கேட்க வேண்டிய இடம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னைக் கிளை. ஆனால் நேரே அங்கே போனால் "துறையில் மனு கொடுத்தாயா?" என்பார்கள். முதலில் தரைப்படைத் தளபதிக்கு மனு. பதில் வந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயம் போக வேண்டும். பதிலே வராவிட்டால் மனு கொடுத்து ஆறு மாதம் பார்த்துவிட்டு, அடுத்த ஆறு மாதத்துக்குள். திரும்பத் திரும்ப நினைவூட்டல் கடிதம் போடுவதால் கெடு நீளாது. தாமதத்தைத் தீர்ப்பாயம் மன்னிக்கலாம், ஆனால் காரணம் கேட்கும். "பென்ஷன் மாதாமாதம் வர வேண்டியது, அதற்குக் காலவரம்பு இல்லை" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். டிஸ்மிஸ் உத்தரவு நிற்கும்வரை அந்த வாதம் செல்லாது. முதலில் உத்தரவு விழ வேண்டும்.

மனுவில் 'மீண்டும் வேலை வேண்டும்' என்று மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள். அது முடியாவிட்டால் டிஸ்மிஸை டிஸ்சார்ஜாக மாற்ற வேண்டும் என்றும், 15 வருடத்துக்குக் கொஞ்சம் குறைந்தால் அந்தக் குறைவைத் தளர்த்த வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு வருடம்வரை தளர்த்த விதியில் இடம் உண்டு.

இதற்கெல்லாம் முன்னால், பத்து ரூபாய் கட்டி ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடுங்கள். ஷீட் ரோல் (பணிப் பதிவு), கண்டக்ட் ஷீட் (நடத்தைப் பதிவு), ஷோ காஸ் நோட்டீஸ், உங்கள் பதில், டிஸ்சார்ஜ் உத்தரவு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'என் ஆவணங்கள் அனைத்தும்' என்று எழுதினால் எது கைக்குக் கிடைக்கிறதோ அதை அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வார்கள். பென்ஷன் இல்லாமல் போனவர்களின் ஆவணங்களை 25 வருடம் கழித்து அழித்துவிடுவது விதி. தளபதிக்கு அனுப்பும் மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதக் கணக்கைத் தீர்ப்பாயத்தில் காட்ட அந்த ரசீது வேண்டும்.