"புண்படுகிறார்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள்: கல்லூரி மாஸ்காட் சண்டை பற்றி

அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில் கல்லூரி மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனை தருவது என் வேலை. இங்கே செப்டம்பர் பிறந்தால் சனிக்கிழமை என்பதே ஃபுட்பால்தான். ஊர் முழுக்க ஒரே நிறச் சட்டை, கார் ஜன்னலில் கொடி, குழந்தைகள் முகத்தில் பெயின்ட். அணியின் மாஸ்காட், அதாவது அணிக்கு அடையாளமாக நிறுத்தும் சின்னம் அல்லது வேடம், கரடியோ கழுகோ என்றால் யாருக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு மனிதக் கூட்டத்தையே மாஸ்காட்டாக நிறுத்தும்போதுதான் சண்டை வருகிறது, அது நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்து சேர்கிறது. "ஒரு பொம்மைக்குப் போய் இவ்வளவு கலாட்டாவா, வேறு வேலை இல்லையா" என்று ஒருவர் போட்டால் உடனே வரிசையாகக் கட்டைவிரல் விழும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பூர்வகுடி மக்களை மாஸ்காட்டாக வைத்திருக்கும் கல்லூரிகள் அதை மாற்ற வேண்டும். அந்தப் பெயருக்குரிய மக்களே, பழைய காலத்தில் எப்போதோ அல்ல, இன்றைக்கும் சரி என்று சொல்கிற இடம் மட்டும் விதிவிலக்கு. ஆனால் விவாதம் பெரும்பாலும் இந்த இடத்துக்கே வருவதில்லை. "அவர்கள் புண்படுகிறார்களா, இல்லையா?" என்ற கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறது. ஒரு பக்கம் புண்பட்டவர் ஒருவரைக் காட்டும், மறுபக்கம் "நான் பூர்வகுடிதான், எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்கிற ஒருவரைக் காட்டும். கதை முடிந்தது.

எங்கள் துறையில் இந்தக் கேள்வி ஏன் போதாது என்பதற்கு ஸ்டெஃபனி ஃப்ரைபர்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லோருக்கும் காட்டுவேன். ஃப்ரைபர்க் சமூக உளவியலாளர், வாஷிங்டன் மாநிலத்தின் துலாலிப் பழங்குடியைச் சேர்ந்தவர். பூர்வகுடி உயர்நிலைப்பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு கிளீவ்லாந்து பேஸ்பால் அணியின் கேலிச்சித்திரச் சின்னமான சீஃப் வாஹூ, டிஸ்னி படத்தின் பூர்வகுடிப் பெண் போகஹான்டஸ், இலினாய் பல்கலைக்கழகத்தின் மாஸ்காட்டான சீஃப் இலினிவெக் (சீஃப் என்றால் பழங்குடித் தலைவர்) போன்ற படங்களைக் காட்டினார்கள். இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டால் பிள்ளைகள் நல்லதாகவே சொன்னார்கள். ஆனால் படம் பார்த்தவர்களின் சுயமதிப்பை அளந்தால் இறங்கியிருந்தது. தங்கள் சமூகத்தின் மதிப்பைப் பற்றிய எண்ணமும் இறங்கியிருந்தது. கல்லூரி மாணவர்களிடம், வரப்போகும் நாட்களில் நீ என்னவாக இருப்பாய் என்று கேட்டபோது, படம் பார்த்தவர்கள் படிப்பு, வேலை, சாதனை சார்ந்த பதில்களைக் குறைவாகவே சொன்னார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று வாய் சொல்கிறது, அது பொய்யும் இல்லை, ஆனாலும் உள்ளே ஏதோ இறங்குகிறது. அப்புறம் "புண்படுகிறாயா?" என்று கேட்டு வாங்குகிற பதிலை வைத்து எதை முடிவு செய்வது? அமெரிக்க உளவியல் சங்கம் 2005-லேயே இந்த மாஸ்காட்களைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டுவிட்டது. இந்த ஆய்வு அதற்கும் பிறகு வந்தது.

என் அறைக்கு "மாஸ்காட்டால் கஷ்டப்படுகிறேன்" என்று யாரும் வந்ததில்லை, வரவும் மாட்டார்கள். தூக்கம் வரவில்லை, வகுப்புக்குப் போகப் பிடிக்கவில்லை, வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறேன், இப்படித்தான் பேச்சு ஆரம்பிக்கும். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் பூர்வகுடிகள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் தன் ஆள் என்று ஒருவரும் இருக்கமாட்டார். பாடப்புத்தகத்தில் தன் மக்கள் 1890-களோடு முடிந்துபோவார்கள். ஆனால் சனிக்கிழமை மட்டும் தன் மக்களின் முகம் எல்லார் சட்டையிலும் இருக்கும். யாருக்கும் தெரியாத ஆளாகவும் எல்லோரும் பார்க்கும் பொம்மையாகவும் ஒரே நேரத்தில் இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை, விடுங்க" என்று அவர்களே தோளைக் குலுக்குவார்கள். அந்தத் தோள் குலுக்கலைத்தான் நான் முக்கியமாகக் கவனிப்பேன்.

சீஃப் இலினிவெக் கதையைத் தெரிந்துகொண்டால் "கௌரவிக்கத்தானே வைத்தோம்" என்கிற வாதத்தின் அடிப்பகுதி தெரியும். அமெரிக்கப் பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை கிடைத்ததே 1924-இல்தான். 1880-களிலிருந்து அவர்களுடைய சடங்குகளையும் நடனங்களையும் அரசாங்க விதிகள் தடுத்து வைத்திருந்தன, தடை தளர்ந்தது 1934-இல். நடுவில் 1926-இல் ஒரு ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளையில் இலினாய் மாணவர் ஒருவர் இறகுத் தலையணி போட்டுக்கொண்டு மைதானத்தில் ஆடுகிறார். நிஜப் பூர்வகுடிகள் தங்கள் சடங்கை ஆடினால் தண்டனை, வெள்ளை மாணவர் ஆடினால் கைதட்டல். அந்த ஆட்டம் 80 வருடம் ஓடியது. கடைசிக் காலத்தில் சீஃப் உடுத்திய உடை லக்கோட்டா என்ற பழங்குடி மக்களுடையது. இலினாய் என்ற பெயருக்குரிய பூர்வகுடி மக்களோ வேறு கூட்டம், அவர்களின் வழித்தோன்றல்களான பியோரியா பழங்குடி மக்கள் துரத்தப்பட்டுத் துரத்தப்பட்டு இன்று ஓக்லஹோமாவில் இருக்கிறார்கள். யாரைக் கௌரவித்தார்களாம்?

1980-களின் இறுதியில் அங்கே கலைப் பிரிவில் மேற்படிப்பு படிக்க வந்த ஷார்லீன் டீட்டர்ஸ், ஸ்போகேன் பழங்குடியைச் சேர்ந்தவர், தன் குழந்தைகளை ஒரு ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். சீஃப் மைதானத்துக்கு வந்து ஆட ஆரம்பித்ததும் பிள்ளைகள் இருக்கையில் குறுகிப்போனதைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஸ்டேடியம் வாசலில் அட்டை பிடித்துக்கொண்டு தனியாளாக நின்றார், வசவு வாங்கினார். 2000-இல் பியோரியா மக்களும் நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். 2005-இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, இப்படிப்பட்ட மாஸ்காட் வைத்திருக்கும் கல்லூரிகள் தன் சாம்பியன்ஷிப் போட்டிகளில் அவற்றைக் காட்டக்கூடாது, அந்தப் போட்டிகளைத் தங்கள் ஊரில் நடத்தவும் முடியாது என்றது. 2007 பிப்ரவரியில் சீஃபின் கடைசி ஆட்டம். அணியின் பெயர் மட்டும் ஃபைட்டிங் இலினி என்றே இருக்கிறது. மாஸ்காட் போனது, அந்த இடத்தில் அதிகாரபூர்வமாக எதுவும் பல வருடம் வரவில்லை, காலி இடத்தில் பழைய சீஃப் சட்டைகள்தான் உலவிக்கொண்டிருந்தன. பாதி மாற்றம் செய்தால் இப்படித்தான் ஆகும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு ஆய்வு இருக்கிறது. 2010-இல் சூ கிம்-பிரீட்டோவும் மற்றவர்களும் வெளியிட்டது. சீஃப் இலினிவெக்கை நினைவூட்டியபின் மாணவர்களிடம் ஆசிய அமெரிக்கர்களைப் பற்றிக் கேட்டார்கள். பூர்வகுடிகளைப் பற்றியே கேட்கவில்லை. சீஃபைப் பார்த்தவர்கள் ஆசியர்களைப் பற்றிய வார்ப்பு எண்ணங்களுக்கு அதிகமாகத் தலையாட்டினார்கள். அதாவது ஒரு இனத்தை ஒரே அச்சில் வார்த்துப் பார்க்கப் பழகிய கண் அடுத்த இனத்தையும் அப்படியே பார்க்கிறது. கணக்குப் புலி, கூச்ச சுபாவம், ஒரு மாதிரி ஆங்கிலம் என்று நம் பிள்ளைகள் என் அறையில் சொல்லி வருத்தப்படுகிற எல்லாமே அந்த அச்சில் வருவதுதான்.

சரி, "மற்ற மக்களின் பெயரிலும் அணிகள் இருக்கின்றனவே, வைக்கிங்ஸ் இல்லையா, நோட்ர டேமின் ஃபைட்டிங் ஐரிஷ் இல்லையா" என்று கேட்பார்கள். நோட்ர டேம் ஐரிஷ் கத்தோலிக்க மாணவர்கள் நிறைந்திருந்த கல்லூரி, அந்தப் பெயரை அவர்களே தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். வட கரோலினாவில் லம்பி பழங்குடி மக்களுக்காகவே 1887-இல் தொடங்கிய பெம்ப்ரோக் கல்லூரி பிரேவ்ஸ் (பூர்வகுடி வீரர்கள்) என்ற பெயரை வைத்திருப்பதும் அதே கணக்கு, அதை என்.சி.ஏ.ஏ.வும் எதிர்க்கவில்லை. யார் பெயர், யார் வைத்தது, யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் எனக்குள்ளேயே விவாதம் உண்டு. செமினோல் என்ற பழங்குடியின் பெயர்தான் அணியின் பெயர். 1978-இலிருந்து ஒரு மாணவர் செமினோல் தலைவர் ஓசியோலா வேடத்தில் குதிரையில் வந்து, மைதான நடுவே எரியும் ஈட்டியைக் குத்துவார். நிஜ ஓசியோலாவை 1837-இல் சமாதானக் கொடியின் கீழ் பேச அழைத்துப் பிடித்தார்கள், அடுத்த ஜனவரியில் தென் கரோலினாக் கோட்டைச் சிறையில் இறந்தார். மைதானத்தில் வரும் அப்பலூசா குதிரையோ நாட்டின் வடமேற்கு மூலையில் நெஸ் பெர்ஸ் மக்கள் வளர்த்த இனம், ஓசியோலாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதையெல்லாம் தெரிந்தேதான் புளோரிடா செமினோல் பழங்குடியின் ஆட்சிக்குழு 2005-இல் பெயருக்கு ஒப்புதல் கொடுத்தது, உடையைத் தைத்துக் கொடுத்ததும் அவர்களே. என்.சி.ஏ.ஏ. விலக்கு அளித்தது. யூட்டா பல்கலைக்கழகமும் மத்திய மிச்சிகனும் அப்படித்தான் விலக்கு வாங்கின. ஆனால் துரத்தப்பட்டு ஓக்லஹோமா போன செமினோல்கள், எண்ணிக்கையில் அதிகமானவர்கள், 2013-இல் பூர்வகுடி மாஸ்காட்களுக்கு எதிராகத் தீர்மானம் போட்டார்கள். ஒரே மக்கள், இரண்டு பதில். வெளியாளான நான் புளோரிடாக்காரர்களிடம் போய் "உங்களுக்கு உங்கள் நன்மை தெரியவில்லை" என்று சொல்லமாட்டேன். ஈட்டியும் குதிரையும் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒப்புதல் என்பது ஒருமுறை கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைக்கிற பத்திரம் இல்லை என்பதற்கு ஒஹாயோவின் மயாமி பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். அணியின் பெயர் அப்போது ரெட்ஸ்கின்ஸ், சிவப்புத் தோல்காரர்கள் என்ற வசவுச் சொல். 1988-இல் மயாமி பழங்குடி ஆதரவுத் தீர்மானம் கொடுத்தது, 1996-இல் திரும்பப் பெற்றது, 1997-இல் அணி ரெட்ஹாக்ஸ் ஆனது. எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருவது. பேச ஆள் இல்லாமல் போன மயாமி மொழியைப் பழைய ஆவணங்களிலிருந்து மீட்கிற வேலைக்கு அதே பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது, இன்று மயாமியா சென்டர் என்று அங்கே இயங்குகிறது, பழங்குடி மாணவர்கள் அங்கே வந்து தங்கள் மொழியையும் வரலாற்றையும் படிக்கிறார்கள். இந்த வேலையில் முன்னால் நின்ற டேரில் பால்ட்வினுக்கு 2016-இல் மெக்ஆர்தர் விருது கிடைத்தது. சின்னத்தை எடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று பயப்படுகிறவர்களிடம் நான் சொல்கிற உதாரணம் இது.

நேர் எதிர்த்திசையில் வட டகோட்டா பல்கலைக்கழகம். ஃபைட்டிங் சூ என்பது அணியின் அன்றைய பெயர், சூ என்பது அங்குள்ள பூர்வகுடி மக்கள். ரால்ஃப் எங்கல்ஸ்டாட் என்ற சூதாட்ட விடுதி அதிபர், பழைய மாணவர், ஐஸ் ஹாக்கி அரங்கம் கட்ட 10 கோடி டாலர் கொடுத்தார். பெயரை மாற்றினால் கட்டடத்தைப் பாதியில் விட்டுவிடுவேன் என்று 2000-இல் கடிதமே எழுதினார். 2001-இல் திறந்த அரங்கத்தில் சூ முகம் ஆயிரக்கணக்கான இடங்களில், தரைக் கிரானைட்டில்கூடப் பதிக்கப்பட்டிருந்தது, பின்னால் யாராவது எடுக்க நினைத்தாலும் செலவு கட்டுப்படியாகாத மாதிரி. சூ மக்களில் ஸ்பிரிட் லேக் பழங்குடி 2009-இல் வாக்களித்துச் சரி என்றது, ஸ்டேண்டிங் ராக் பழங்குடி சம்மதிக்கவில்லை. மாநிலச் சட்டசபை 2011-இல் பெயரை மாற்றக்கூடாது என்று சட்டம் போட்டு அதே வருடம் திரும்பப் பெற்றது. கடைசியில் 2012-இல் மாநிலம் முழுக்க நடந்த வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் பெயரை விட்டுவிடலாம் என்றார்கள். 2015-இல் ஃபைட்டிங் ஹாக்ஸ்.

பழைய பெயரைப் பிடித்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் இனவெறியர்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது வேலைக்கும் ஆகாது. அப்பாவோடு முதல் ஆட்டம் பார்த்த நினைவு, அப்பா இல்லாத வீட்டில் அவர் போட்டிருந்த ஸ்வெட் ஷர்ட், இதெல்லாம் அந்தச் சின்னத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மாற்றத்தை அவர்கள் ஒரு இழப்பாகவே அனுபவிக்கிறார்கள். அதை மதிக்காமல் மேலிருந்து உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மார்கெட் பல்கலைக்கழகம் நல்ல சாட்சி. 1994-இல் பூர்வகுடி அடையாளத்தோடு இருந்த வாரியர்ஸ் பெயரை விட்டு கோல்டன் ஈகிள்ஸ் ஆனார்கள். பழைய பெயர் வேண்டும் என்ற குரல் ஓயவில்லை. 2005-இல் நிர்வாகம் திடீரென்று அணிக்கு வெறும் "கோல்ட்" என்று பெயர் சூட்டியது. மாணவர்கள் சிரித்த சிரிப்பில் சில நாட்களிலேயே பின்வாங்கி, வாக்கெடுப்பு வைத்து, கோல்டன் ஈகிள்ஸுக்கே திரும்பினார்கள். ஸ்டான்ஃபோர்டைப் பாருங்கள், பூர்வகுடிகளைக் குறிக்கும் இண்டியன்ஸ் பெயரை 1972-லேயே கைவிட்டார்கள். இன்று அங்கே பேண்டு குழுவின் மாஸ்காட்டாக ஒரு மரம் ஆடுகிறது, அசட்டுத்தனமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் உயிர். ஒரு தலைமுறை போதும்.

இங்கே படிக்க வரும் நம் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நடைமுறையாகச் சில சொல்கிறேன். செகண்ட் ஹேண்ட் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று சீஃப் படம் போட்ட பழைய சட்டையை வாங்கிப் போடாதீர்கள், அந்த வளாகத்தில் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது, நீங்கள் தெரியாமல் ஒரு அணியில் சேர்ந்துவிடுவீர்கள். ஹாலோவீனுக்குக் குழந்தைக்கு இறகுத் தலையணி வேண்டாம். ஸ்டேடியத்தில் கோடரி வீசுகிற மாதிரி எல்லோரும் கையை ஆட்டினால் நீங்களும் ஆட்டியே ஆக வேண்டும் என்று இல்லை. உங்கள் கல்லூரியில் மாஸ்காட் பற்றி வாக்கெடுப்பு வந்தால், வளாகத்தில் பூர்வகுடி மாணவர் சங்கம் இருக்கிறதா, அந்தப் பழங்குடியின் ஆட்சிக்குழு என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாக்களியுங்கள். பழங்குடிகளின் தீர்மானங்கள் பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கின்றன. ரூம்மேட்டோ வகுப்புத் தோழியோ பூர்வகுடி என்று தெரிந்தால், "உனக்கு இது ஓகேவா?" என்று ஆட்டத்தின் நடுவில் எல்லோர் முன்னாலும் கேட்டு வைக்காதீர்கள். ஓகே என்றுதான் சொல்வார்கள்.