கிராஃபிக்ஸ் கார்டு: பெட்டி மேல் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பெற்றோர் பலர், திரையில் படம் வரைந்து காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு பற்றி ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "புது கார்டுன்னுதான் தம்பி சொன்னாங்க, கேம் ஏன் ஸ்டக் ஆகி நிக்குது?" பெட்டி புதுசுதான். உள்ளே இருக்கும் சிப்தான் பழசு.

மாடல் எண் ஏறினால் சிப்பும் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. 2007 டிசம்பரில் என்விடியா நிறுவனம் விட்ட 8800 ஜிடிஎஸ் 512 எம்பி கார்டின் ஜி92 சிப், 2008-ல் 9800 ஜிடிஎக்ஸ் ஆனது. 2009-ல் அதே வடிவமைப்பைச் சுருக்கி ஜிடிஎஸ் 250 என்று மூன்றாம் பெயர் வைத்தார்கள். இன்னொரு தயாரிப்பாளரான ஏஎம்டி 2016-ல் விட்ட ஆர்எக்ஸ் 480-ஐயே சற்று வேகம் கூட்டி, மறு வருடம் ஆர்எக்ஸ் 580 என்று விற்றது. 480 வைத்திருப்பவர் 580-க்குக் காசு கொடுப்பது வீண்.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்பது இதைவிட மோசம். என்விடியாவின் ஜிடி 1030-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜிடிடிஆர்5 என்ற வேகமான மெமரி போட்டதில் விநாடிக்கு 48 ஜிபி தரவு ஓடும். டிடிஆர்4 என்ற சாதாரண மெமரி போட்டதில் சுமார் 17 ஜிபிதான். பெயர் ஒன்றேதான், மெமரி வகை பொடி எழுத்தில் இருக்கும். ஜிடிஎக்ஸ் 1060-ல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உண்டு. மெமரி மட்டும்தான் குறைவு என்று வாங்குபவர் நினைப்பார். கோர்களும் (சிப்புக்குள் கணக்குப் போடும் சிறு அலகுகள்) 1280-லிருந்து 1152-ஆகக் குறைந்திருக்கும்.

பெயர் விலையை எப்படி ஆட்டுகிறது என்பதற்கு 2022-ஐப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4080 12 ஜிபி என்று 899 டாலருக்கு அறிவித்ததை, எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபரில் என்விடியா திரும்பப் பெற்றது. 2023 ஜனவரியில் அதே கார்டு 4070 டிஐ என்று 799 டாலருக்கு வந்தது. டாலர் கணக்கு ரேண்டாக மாறி, கப்பல் செலவும் 15 சதவீத வாட் வரியும் ஏறித்தான் நம் கைக்கு வருகிறது. தவறான பெயருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் இங்கே இன்னும் கனக்கும்.

கைமாறி வரும் கார்டுகளில் நடப்பது நேரடி மோசடி. அண்மையில் ஒரு மாணவர் 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' கொண்டுவந்தார். விண்டோஸும் அப்படித்தான் காட்டியது. பின்பக்கம் திருப்பினேன்: பழைய மானிட்டர்களை மாட்டும் நீல நிற விஜிஏ போர்ட், பதினைந்து துளைகளோடு. அந்தத் தலைமுறைச் சிப்பிலிருந்து விஜிஏ சிக்னலே வராது. ஃபேனைக் கழற்றி, காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்தால் சிப் மேல் ஜிஎஃப்116 என்று இருந்தது. அசலில் ஜிபி107 இருக்க வேண்டும். 2011 காலத்துக் கார்டின் பயாஸை (கார்டின் பெயரைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் உள் மென்பொருள்) மாற்றி எழுதி அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பையன் விடுமுறை வேலை செய்து சேர்த்த பணம் அது, எனக்கு மனசு ஆறவில்லை.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே மாட்டி, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். சிப் பெயர், மெமரி வகை, கோர் எண்ணிக்கை மூன்றையும் தயாரிப்பாளரின் தளத்தோடு ஒப்பிடுங்கள். 2018 முதல் பல போலிகளை ஜிபியு-இசட்டே அடையாளம் காட்டுகிறது.

ரசீதில் முழு மாடல் பெயரையும் மெமரி வகையையும் எழுதி வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருள் குறையுள்ளதாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது நீக்குவதா, மாற்றுவதா, பணமா என்பதை நீங்கள்தான் தேர்வு செய்ய வேண்டும், கடைக்காரர் அல்ல. தெரிந்தவரிடம் தனிப்பட்ட முறையில் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.