டேங்க் காலி, முள் மட்டும் மேலே

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பழைய அமெரிக்க வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பது என் பிழைப்பு. போன மாதம் 1976 ஃபோர்டு எஃப்-100 பிக்கப் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஃபுஜைரா போகும் வழியில் நின்றுவிட்டதாம். இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை, பெட்ரோல்தான் இல்லை. ஆனால் சாவியைத் திருப்பினால் பெட்ரோல் மீட்டர் முள் முக்கால் டேங்கைத் தாண்டி நிற்கிறது!

மீட்டர்களை மாற்றியவர் உரிமையாளரேதான். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. வாங்கிய மீட்டர் மட்டும் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிக்கானது. டேங்குக்குள் இருக்கும் யூனிட், பெட்ரோல் அளவை மின்தடையாக (ஓம் கணக்கில்) மீட்டருக்குச் சொல்லும். அந்தக் காலத்து ஃபோர்டு டேங்க் யூனிட் காலியாக இருந்தால் சுமார் 73 ஓம் காட்டும், நிரம்பினால் 10. ஜிஎம்மில் தலைகீழ்: காலிக்கு 0, நிரம்பினால் 90. அதனால் பெட்ரோல் குறையக் குறைய முள் ஏறியிருக்கிறது. பங்கில் டேங்கை நிரப்பியதும் முள் விழுந்ததை அவரும் பார்த்திருக்கிறார். ஏதோ வயர் லூஸ் என்று விட்டுவிட்டார்.

மீட்டர் வாங்கும் முன் டேங்க் யூனிட் வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இந்த வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய மீட்டர் போர்டின் பின்னால் ஒரு குட்டி ரெகுலேட்டர் இருக்கும். பெட்ரோல், டெம்பரேச்சர் மீட்டர்களுக்கு 12 வோல்ட்டை விட்டுவிட்டுக் கொடுத்து, சராசரி 5 வோல்ட் அளவில் வைத்திருக்கும். புது மீட்டருக்கு முழு 12 வோல்ட் வேண்டும். பழைய வயரிலேயே இணைத்தால் சரியாகக் காட்டாது. பழைய மீட்டருக்கு நேராக 12 கொடுத்தாலோ, கருகிவிடும். பழைய போர்டில் எல்லா முள்ளும் சேர்ந்தாற்போல் ஏறினால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த ரெகுலேட்டரையும் அதன் எர்த்தையும்தான்.

ஆயில் பிரஷர் மீட்டருக்கும் பொருத்தமான சென்சார் வேண்டும். எச்சரிக்கை விளக்குக்கான சுவிட்ச் வேறு, முள்ளுக்கான சென்சார் வேறு. சென்சாரின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றிச் சுற்றிப் போடுவார்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு அந்த மரைதானே எர்த்! டேப் அதை மறித்தால் மீட்டர் சரியாகக் காட்டாது.

பழைய டாட்ஜ் பிக்கப்பாக இருந்தால் கரன்ட்டை அளக்கும் அம்மீட்டரை முதலில் பாருங்கள். சார்ஜிங் கரன்ட் முழுவதும் டாஷ்போர்டுக்குள் வந்து போகும். நட்டு தளர்ந்தால் சூடேறி வயர் உருகும். அங்கே நான் வோல்ட்மீட்டர்தான் போடுகிறேன். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி நின்றால் சரி.

எஃப்-100காரருக்குத் தான் வாங்கிய மீட்டரின் கறுப்பு முகப்பை விட மனமில்லை. 73–10 ஓமுக்கு அதே முகப்பில் ஒன்று தேடிப் போட்டோம்.