பெஞ்சில் எத்தனை பேர் என்பதல்ல கணக்கு

2022 டிசம்பர் 14. கத்தாரில் கால்பந்து உலகக் கோப்பை அரையிறுதி. அணிப் பட்டியலில் பெயர் வந்த பிறகு மொராக்கோவின் தடுப்பாட்டக்காரர் அகெர்ட் விலகினார். 21-வது நிமிடத்தில் கேப்டன் சாய்ஸ் நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். இடைவேளையோடு மஸ்ராவியும் போனார். எதிரணியான பிரான்சுக்கும் சிக்கல் இருந்தது. உபமெகானோவும் ராபியோவும் உடல்நலமில்லாமல் தொடக்க அணியில் இல்லை. ஆனால் கோனாட்டே, ஃபொஃபானா வந்து நின்றதில் அந்த ஓட்டை பெரிதாக வெளியே தெரியவில்லை. பிரான்ஸ் 2-0 என்று ஜெயித்தது. மொராக்கோ கடைசிவரை முட்டி மோதியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டு அணியும் கொண்டுவந்த பட்டியல் கிட்டத்தட்ட ஒரே நீளம்தான். அப்படியென்றால் போட்டி முடிந்தபின் ஒரு அணியின் ‘ஆழத்தை’, அதாவது பெஞ்சில் இருக்கும் மாற்று வீரர்களின் பலத்தை, எதை வைத்து அளப்பது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு வீரர் ஏதாவது ஒரு ஆட்டத்துக்கு இல்லாமல் போகும் வாய்ப்பு 5 சதவீதம் என்று சும்மா வைத்துக்கொள்வோம். காயம், காய்ச்சல், சிவப்பு அட்டை எல்லாம் சேர்த்து. பதினொரு பேரும் ஒரு ஆட்டத்துக்குத் தயாராக இருக்கும் வாய்ப்பு 0.95-ஐப் பதினொரு முறை பெருக்கினால் வருவது, சுமார் 57 சதவீதம். அந்த 2022 கோப்பையில் இறுதிவரை போனால் ஏழு ஆட்டங்கள். ஒருவர்கூடத் தவறாமல் ஏழிலும் இருக்கும் வாய்ப்பு வெறும் 2 சதவீதம். நிஜத்தில் காய்ச்சல் ஒருவரோடு நிற்காது, அறைத் தோழரையும் பிடிக்கும். அதனால் இந்தக் கணக்கு தோராயம்தான். ஆனாலும் மாற்று ஆள் தேவைப்படுவது துரதிர்ஷ்டமல்ல, எதிர்பார்க்க வேண்டிய விஷயம் என்பது புரிகிறது.

ஆகவே ஒவ்வொரு இடத்திலும் முதல் ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் திறமையில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். ஆறு நல்ல முன்கள வீரர்கள் இருந்து ஒரே ஒரு லெஃப்ட் பேக் (இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர்) இருந்தால், அந்த அணி மெலிந்த அணிதான். பிரான்சின் லூக்கா எர்னாண்டஸ் முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முழங்கால் காயத்தோடு போனார். உள்ளே வந்த தம்பி தியோ அன்றே ஒரு கோலுக்குப் பந்து கொடுத்தார், அரையிறுதியில் 5-வது நிமிடத்தில் தானே கோல் அடித்தார். போக்பா, காண்டே இருவரும் வராத நடுக்களத்துக்கு முன்கள வீரரான கிரீஸ்மனையே இறக்கினார்கள். ஒருவர் இரண்டு இடத்தில் ஆடினால் கணக்கில் இரண்டு பேர் மாதிரி. ஒரே நேரத்தில் இரண்டு இடமும் காலியாகாத வரை!

ஏமாறும் இடமும் உண்டு. அதே அரையிறுதியில் பிரான்சின் மாற்று வீரர் கோலோ முவானி உள்ளே வந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கோல் அடித்துவிட்டார். அதை வைத்து ‘90 நிமிடத்துக்கு எத்தனை கோல்’ என்று வகுத்தால் விடை சிரிப்பாக வரும். களைத்துப்போன தடுப்பாட்டத்துக்கு எதிரான பத்து நிமிடம் வேறு, தொடக்கத்திலிருந்து ஆடுவது வேறு. கிளப்பில் ஒரு சீசன் முழுக்க அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

தலைகீழாகவும் நடக்கும். அடுத்த சுற்று உறுதியானபின் பிரான்ஸ் ஒன்பது பேரை மாற்றி இறங்கி, துனிசியாவிடம் 0-1 என்று தோற்றது. பெஞ்ச் சரியில்லை என்று அன்றைக்கே எழுதிவிடலாம். ஆனால் ஒன்பது பேரை ஒன்றாக மாற்றினால் யார் எங்கே ஓடுவார் என்ற பழக்கமே கலைந்துவிடும். அது தனித்தனி வீரர்களின் அளவுகோல் அல்ல. அந்த ஆட்டத்தில் நடுக்கள வீரர் கமவிங்காவை லெஃப்ட் பேக்காக நிறுத்தியிருந்தார்கள். அர்ஜென்டினாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கியிருந்தபோது, 71-வது நிமிடத்தில் தியோவுக்குப் பதிலாக அதே இடத்துக்கு அவர்தான் வந்தார். பத்து நிமிடம் கழித்து ஸ்கோர் 2-2.